மூன்று முறை ஒழுகிய தொட்டி

அம்மாவுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். போட்ட இடம் தர்மபுரிப் பக்கம் ஒரு மலையடிவாரம். நாலு வயதுத் தம்பி அம்மாவோடு போவது, நான் பள்ளிக்கூடம் மாறாமல் அப்பாவோடு அரியலூரிலேயே இருப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு பிள்ளை. எல்லோரும் அம்மாவைப் பாராட்டினார்கள். நானும் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்பா சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். பள்ளி விட்டு வந்ததும் நானே பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாடத்தைச் சத்தம் போட்டு வாசிப்பேன். படிப்பின் மேல் ஆசையால் இல்லை; வீட்டுக்குள் ஏதாவது ஒரு குரல் கேட்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு அப்பா வருவார். தலையில் படிந்த சாம்பல் நிறத் தூசி போகக் குளித்துவிட்டுச் சோறு வடிப்பார். அவர் அதிகம் பேசாதவர் என்பதே அம்மா போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவே பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதும் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப் போவார்.

அம்மா மாதம் ஒருமுறை வந்து போவாள். மற்ற நாட்களில் வீடியோ கால். மூன்று மாதத்திலேயே தம்பி அப்பாவின் முகம் தெரிந்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தான். ஒரு நாள் அப்பா, என்ன தோன்றியதோ, "மீன் தொட்டி செய்யப் போறேன்டா, பாக்க வரியா?" என்றார்.

தம்பி தலையை மட்டும் நீட்டினான். "எவ்ளோ பெருசு?"

அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கிறிஸ்மஸ் லீவுக்கு வா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டி யானை வண்டியில் பிளைவுட் பலகைகள் வந்து இறங்கின. ஆலைக்கு வந்த ஏதோ இயந்திரத்தின் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்களாம். கேட்டு வாங்கி வந்திருந்தார். கடையில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த தொட்டி கிடைக்கும்போது எதற்கு இது என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். "கை வெரிச்சு காட்டிட்டேன்ல, அந்த அளவுக்குக் கடையில இல்ல" என்றார் அப்பா.

மூன்று பக்கமும் அடியும் பலகை, முன்னால் மட்டும் கண்ணாடி. இதுதான் திட்டம். பலகையை அறுக்கும்போது நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். உள்பக்கம் முழுக்க ஃபைபர் துணியை ஒட்டி, பலகையில் தண்ணீர் ஊறாமலிருக்க அதன் மேல் ரெசின் என்ற பிசினைப் பூசினார். அந்த நெடியில் எனக்குக் கண் எரிந்தது. ஆனாலும் நகரவில்லை. ஏனென்றால் கையில் வேலை இருக்கும்போது அப்பா பேசினார். திருமானூர் மாமா வீட்டுக்குப் போனபோது கொள்ளிடத்தில் விலாங்கு பிடிக்கப் போய்ச் செருப்பைப் பறிகொடுத்த கதை, அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று பஸ் மாறி ஏறிய கதை. எல்லாமே அவர் தோற்ற கதைகள். என்னைப் பார்க்காமல், பலகையைப் பார்த்தே சொல்வார். நான் அந்த ஒன்றரை மாதத்தில் சிரித்த அளவுக்கு அந்த வருடத்தில் வேறெப்போதும் சிரித்ததில்லை.

கடைசியில் கண்ணாடியைப் பொருத்தி, ஓரமெல்லாம் சிலிக்கான் பசையைப் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டார்.

"ஒரு வாரத்துக்குத் தொடக் கூடாது. காயணும்."

"காஞ்சப்புறம்?"

"தண்ணி, மண்ணு, மீனு. அவ்ளோதான்."

"அப்புறம் நாம என்னப்பா செய்வோம்?"

"அப்புறம் என்ன செய்யறதுக்கு இருக்கு? மீனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

அந்த வாரம் அப்பா மறுபடியும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினார். புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்தேன். கண்ணாடியின் அடி மூலையில், சிலிக்கானுக்குள் முள்ளை ஆழமாக இறக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றினோம். மூலையிலிருந்து ஒரு கோடு மெல்ல இறங்கி, தரையில் தேங்கியது. அப்பா குனிந்து பார்த்து, "சரியாப் புடிக்கல போலருக்கு" என்றார். தண்ணீரை வடித்து, காயவைத்து, பழைய சிலிக்கானைச் சுரண்டினோம். கதைகளும் திரும்பி வந்தன. இரண்டாவது முறையும் காய்கிற வாரத்தில் அதே காம்பஸ், வேறு மூலை. அதே கோடு, அதே சுரண்டல். அப்பா என்னைத் திட்டவும் இல்லை, சந்தேகமாகப் பார்க்கவும் இல்லை.

மூன்றாவது முறை நான் கை வைக்கவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டது. மீன் வாங்கியாச்சா என்று தம்பி தானாகவே அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தான். அவன் ஏமாந்துபோவான் என்று பயந்து காம்பஸைப் பையின் அடியில் போட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் ஊற்றியபோது தொட்டி ஒழுகியது. இந்த முறை மூலையில் இல்லை. கண்ணாடியின் அடியில் நட்ட நடுவில், சிலிக்கானில் ஒரு விரல் நீளத்துக்கு, நேராக ஒரு கீறல். நான் செய்ததற்குத் தண்டனையாகக் கடவுளே கிழித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பா சிலிக்கான் குழாயை எடுத்துக்கொண்டு, "சரி, வா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன கதை இன்னும் நீளம்.

நாலாவது முறை ஒழுகவில்லை. தம்பி வந்தான். பத்து ஆரஞ்சு மீன்களைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான். அப்பாவின் மடியிலிருந்து இறங்கவே இல்லை. ஒன்பதாம் நாள் லீவு முடிந்து அம்மாவும் அவனும் பஸ் ஏறினார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். அப்பா சொன்னபடியேதான். மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் பேசவில்லை.

தவக்காலத்தில் எங்கள் வகுப்பைக் கோயிலுக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போனார்கள். பொய் சொன்னேன், திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்றேன் என்ற வழக்கமான பட்டியலுக்குப் பிறகு, தொட்டியில் ஓட்டை போட்டதைச் சொன்னேன். சாமியார், "எத்தன அடி தொட்டி?" என்றார். நாலடி என்றேன். "மூணு தடவ அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு. அப்பாகிட்டயும் சொல்லிடும்மா."

அன்று மாலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னேன். அப்பா மீன்களிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காம்பஸாலயா?"

"ம்."

"ரெண்டு தடவையும்?"

"ம். மூணாவது நான் இல்லப்பா. சத்தியமா நான் இல்ல."

"தெரியும்" என்றார் அப்பா. எழுந்து போய் மீனுக்குத் தீனி போட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போட்டார்.

திட்டாமல் விட்டாரே, நான் சொன்னதை உடனே நம்பினாரே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. எப்படித் தெரியும் என்று கேட்கவே தோன்றவில்லை. அந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.