சந்தனம் அப்பிய சிவப்புப் பொத்தான்: அருப்புக்கோட்டைக்கு மிக்ஸர் பார்க்கப் போன கதை

பழைய பேக்கரி மெஷின் வாங்க எங்கே போகலாம் என்று அடிக்கடி கேட்டு எழுதுகிறீர்கள். ஐப்பசி முதல் வாரத்தில் அருப்புக்கோட்டைப் பக்கம் போய் வந்தேன். வழி, செலவு, பார்க்க வேண்டியவை எல்லாம் சொல்கிறேன். ஆனால் இந்தத் தடவை நல்ல கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆறட்டும் என்று சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு: வத்தலக்குண்டில் வீட்டோடு ஒட்டிய சின்ன பேக்கரி என்னுடையது. பன், ரஸ்க், கொஞ்சம் கேக். கையால் மாவு பிசைந்தே தோள்பட்டை போய்விட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் ஒரு பேக்கரிக்காரர் பெரிய மிக்ஸர் வாங்கிவிட்டார், பழையதைக் கொடுக்கிறார் என்று எங்களுக்கு மைதா லோடு கொண்டுவரும் டிரைவர் சொன்னார். அரை மூட்டை மாவை ஒரே தடவையில் பிசைகிற மெஷின். போனில் கேட்ட விலையும் நியாயமாக இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஏழரைக்கு பஸ். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், ஐம்பது கிலோமீட்டர் போல வரும், ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் இறங்கியதும் சந்துக்குள்ளிருந்து விசைத்தறிச் சத்தம் கேட்கும், அதற்குப் பக்கத்திலேயே நல்ல டீக்கடைகள் உண்டு. ஒரு கடையில் பன் வாங்கித் தின்றேன். நான் போகிற இடத்துச் சரக்குதான் அது என்று பிறகுதான் தெரிந்தது. மெத்தென்று நல்ல பன். குறை சொல்லப் போகிறவள் இதையும் சொல்லத்தானே வேண்டும்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். டவுன் பஸ் வந்தால் பெண்களுக்கு அந்தக் காசும் மிச்சம். எங்கே இறங்குவது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"பன்னு கம்பெனிக்கா? வாசம் வாரயில எறங்கிக்கங்க. அங்கிட்டு வீரசோழன் ஊரு வரைக்கும் அவுக பன்னுதான் போகுது" என்றார்.

சொன்னபடியே வாசம் வந்தது, இறங்கினேன். முந்தின நாள் மழை. சாலையிலிருந்து பேக்கரிக்குப் போவதற்குள் கரிசல் மண் செருப்பில் ஏறி நாலு விரல்கடை உயரம் கூடிவிட்டேன். மழைக்காலத்தில் போகிறவர்கள் கழுவ முடிகிற ரப்பர் செருப்பு போட்டுப் போங்கள்.

முதலாளியின் பெயரைப் போட எனக்கு மனமில்லை, அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். மரியாதை தெரிந்த மனிதர். "மொதல்ல சாப்டுங்கம்மா, மிஷினு எங்கயும் ஓடிப்போயிராது" என்று சுடச்சுட பன்னும் டீயும் தரச் சொன்னார். கொண்டுவந்தவர் காளீஸ்வரி. எம்.ரெட்டியபட்டிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். முன்பு பருத்தி எடுக்கப் போனவர், இப்போது இங்கே மெஷின்களைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. டீ கிளாஸை வலது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்திருந்தார். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் விறைத்து நின்றன.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மிஷின்ல பட்டுருச்சுக்கா, போன பங்குனில" என்றார்.

அண்ணாச்சி உடனே, "கவனக்குறைவும்மா. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நாந்தான் பாத்தேன்" என்றார். அப்போது எனக்கு அவர் மேல் மதிப்புக்கூட வந்தது. அது மெஷினைப் பார்க்கும் வரைக்கும்தான்.

உள்ளே போனபோது காளீஸ்வரி மிக்ஸரைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தார். எப்படித் தெரியுமா? மெஷினை ஓட விட்டு. பெரிய சட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது, நடுவில் திருகாணி மாதிரியான இரும்புக் கொக்கியும் சுற்றுகிறது. இவர் ஓரத்தில் நின்றுகொண்டு, சுரண்டியைச் சட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பிடித்திருக்கிறார். சட்டி சுற்றச் சுற்ற ஒட்டிய மாவு தானாக உரிந்து வருகிறது. ஆள் நகர வேண்டாம், குனிய வேண்டாம், சீக்கிரம் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் துடைக்கிறார்களாம். "நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன்.

நிறுத்துவதற்கு மூலையில் மைதா மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சுவர் சுவிட்சுக்கு ஒருவர் ஓடினார். ஓட்டவும் நிறுத்தவும் மெஷினில் உள்ள பச்சை, கறுப்புப் பொத்தான்கள் உடைந்து வெகுகாலம் ஆகிறதாம்.

இந்த மெஷினுக்கு மேலே ஒரு கம்பி மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் மெஷின் தானாக நின்றுவிடும், கை உள்ளே போகவே முடியாது. அந்த மூடி எங்கே என்று தேடினேன். ஓவன் பக்கத்தில் இரண்டு செங்கல் மேல் கிடந்தது. அதில் ரஸ்க் ஆறிக்கொண்டிருந்தது! மூடி இல்லாவிட்டாலும் ஓடும்படி வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

"அது இருந்தா அடிக்கடி நின்னு நின்னு போகுதும்மா. வேல நடக்க வேணாமா?" என்றார் அண்ணாச்சி. நின்று போவதற்குத்தான் ஐயா மெஷின் செய்தவன் அதை வைத்திருக்கிறான்!

சரி, அவசரத்துக்கு அமுக்குகிற பெரிய சிவப்புப் பொத்தானாவது இருக்குமே என்று முன்பக்கம் பார்த்தேன். சிவப்பையே காணோம். மெஷினின் முகத்துக்கு நடுவில் உருண்டையாகத் துருத்திக்கொண்டு இருப்பதால், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குத்தான் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருக்கிறார்கள். பழைய சந்தனத்தைத் துடைப்பது ஆகாது என்று அதன் மேலேயே புதுசு. அதோடு மைதாத் தூசியும் சீனிப்பாகும் சேர்ந்து சிமெண்டு பூசியது போல இறுகிவிட்டது. கட்டைவிரலால் அமுக்கினேன், உள்ளங்கையால் அமுக்கினேன். அசையவில்லை.

"அதுல கை வைக்காதீக, சாமி பொட்டு" என்று பதறினார் அண்ணாச்சி.

எனக்குச் சாமி மேல் எந்தக் கோபமும் இல்லை. என் ஓவனுக்கும் நான் பொட்டு வைக்கிறவள்தான். ஆனால் வந்த ஆத்திரத்தில், "புது மெஷினைக் காட்டுங்க" என்றேன். மூலையில் பிளாஸ்டிக் உறைகூட முழுதாகப் பிரிக்காமல் நின்றது அது. அதன் கம்பி மூடியை அதற்குள் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். சிவப்புப் பொத்தானில் ஈரம் காயாத சந்தனம். ஒரு பெண்ணின் இரண்டு விரல் விறைத்துப் போன பிறகும், வந்து இறங்கிய அன்றே அடுத்த மெஷினையும் அதே மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதில் அதே காளீஸ்வரிதான் கையை விடப் போகிறார்.

நன்றாகச் சண்டை போட்டேன். காளீஸ்வரி என் முழங்கையைத் தொட்டு, "விடுங்கக்கா. நீங்க பேசிட்டுப் போயிருவீக, நாளைக்கு நாந்தான் வேலைக்கு வரணும்" என்றார். அது எனக்கு உறைத்தது. கத்துவதை விட்டு, வாங்க வந்தவளாகப் பேசினேன். "அண்ணாச்சி, இந்த மெஷினை நான் எடுத்துக்கிறேன். ஆனா ரெண்டு மெஷின்லயும் பொத்தானைக் கழுவி, புதுசுல மூடியை மாட்டுங்க. அதுக்கப்புறம்தான் பணம்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா சந்தனத்தத் தொடைக்கச் சொல்றீகளே" என்றார்.

"உங்க கோயில்ல வெள்ளிக்கிழமை அபிஷேகம் கிடையாதா? பழச கழுவிட்டுத்தானே புதுச் சந்தனம் சாத்துறாங்க?"

அவர் காளீஸ்வரியைப் பார்த்து, "வெந்நி கொண்டா" என்றார்.

சுவர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைப் பொத்தானில் சுற்றி ஊறவைத்தோம். பழைய பல் பிரஷால் காளீஸ்வரி தேய்த்தார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கடைசியில் சிவப்பு தெரிந்தது. காய்ந்ததும் மெஷினை ஓடவிட்டு, "அமுக்குங்க" என்றேன். விறைத்த விரல்களை ஒதுக்கி, உள்ளங்கையால் அமுக்கினார். சட்டி நின்றுவிட்டது.

அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது சுச்சாக்கா? காலைல வந்ததும் இதத்தான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிருவேன். சாமிக்கு வச்ச குமிழுன்னுல்ல நெனச்சேன்."

யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் கழித்து அவரே கேட்டார்.

"அன்னைக்கும் இது இங்கனயேதான் இருந்துச்சா?"

அண்ணாச்சி போய், கம்பி மூடியின் மேல் இருந்த ரஸ்க்கைத் தானே தட்டில் அள்ளி வைத்தார். புது மெஷினிலும் பொத்தானைத் துடைத்து, மூடியை மாட்டி, தூக்கினால் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். நான் வந்தபின் அதைக் கழற்றினார்களா, தெரியாது. வாரம் ஒருமுறை காளீஸ்வரிக்குப் போன் செய்கிறேன். இதுவரை கழற்றவில்லை என்கிறார்.

இனி உங்களுக்கு. மெஷினை வத்தலக்குண்டுக்குக் கொண்டுவர மினி லாரிக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆனது, வழியில் கயிறு தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும்போது முதலில் மெயினை அணையுங்கள், பிளக்கையும் உருவுங்கள். ஒட்டிய மாவைக் காயவிடாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, வெந்நீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். குழாய் வைத்துத் தண்ணீர் அடித்தால் மோட்டார் போய்விடும். சட்டியைச் சுற்ற வேண்டுமென்றால் கையால் தள்ளிச் சுற்றுங்கள், அல்லது நீங்கள் சுற்றி வாருங்கள், கால் ஒன்றும் தேயாது. பொட்டு வைக்க மெஷினில் எவ்வளவோ இடம் இருக்கிறது, மோட்டார் மூடியில் பெரிதாகவே வையுங்கள்.

பழைய மெஷின் பார்க்கப் போனால் முதலில் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அது அமுங்கவில்லையென்றால், விலை கேட்பதற்கு முன் அதைத் துடைக்கிறவரின் கையைப் பாருங்கள்.