ஷட்டருக்குள் ஒலித்த எதிர்வசனம்

சாதிக் அண்ணன் மௌத்தாகிவிட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, என் கையில் ஓர் ஆடிஷன் தாள் இருந்தது. எதிர்வசனம் படிக்க அவரைத்தான் கூப்பிட இருந்தேன்.

நன்னிலம் கடைத்தெருவில் அவருடைய செருப்புக்கடை உங்களுக்கெல்லாம் தெரியும். நானும் அவரும் ஒரே நாடகக் குழுவில் நடித்தவர்கள். சினிமா, சீரியல் ஆடிஷனுக்கென்று சென்னையிலிருந்து எனக்கு இரண்டு பக்க வசனம் வரும். முன்கதை, பின்கதை எதுவும் இருக்காது. சாயங்காலத்துக்குள் நடித்து வீடியோ அனுப்ப வேண்டும். பஸ் சத்தம் கேட்காமலிருக்க அண்ணன் ஷட்டரை இறக்கிவிட்டு, செருப்புப் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் என் போனை நிறுத்துவார். போனுக்குப் பின்னால் நின்று, என்னோடு பேசும் பாத்திரத்தின் வரிகளை அவரே வாசிப்பார். நடவு சமயமென்றால் கடையில் கூட்டம் இருக்காது, நிதானமாக எடுப்போம்.

என் வசனத்தை முதலில் படிக்க விடமாட்டார். "உங்க வரியை அப்புறம் பாருங்க தம்பி. எதிராளி என்ன சொல்றான்னு கேளுங்க" என்பார். கதையே தெரியாமல் எப்படி நடிப்பது என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "கடைக்கு வர்றவங்க கதையும்தான் எனக்குத் தெரியாது. காலைப் பாத்துதானே செருப்பு எடுக்குறேன்" என்றார்.

அவர் வாசித்தால் மாமியார் மாமியாராகவே இருப்பாள், இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டராகவே இருப்பார். அது எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, உங்க குரல் என்னை அமுக்குது. கொஞ்சம் மெதுவா படிங்க" என்றேன்.

"சரி தம்பி, நீங்கதானே தெரியணும்" என்று தணித்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு முறையும் இன்னும் தணித்தார். நான் போதும் என்று சொல்லவே இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் மகள் நஸ்ரின் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை அங்கே வரச் சொன்னாள். "மாமா, அத்தா உங்களோட நிறைய வீடியோ எடுப்பாங்கல்ல. ஒண்ணு அனுப்புங்க, அம்மா பாக்கணுங்கறாங்க."

போனைத் திறந்தேன். எல்லாவற்றிலும் என் முகம். அண்ணனின் விரல்கூட ஒன்றிலும் இல்லை. வெட்கத்தில் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அத்தா இதுல இல்லம்மா. குரல் மட்டும் இருக்கு."

"அது போதும் மாமா."

அவர் குரல் நன்றாகக் கேட்ட பழையவற்றை, இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்திருந்தேன். மிஞ்சியதைப் போட்டேன். அவள் சத்தத்தை முழுக்கக் கூட்டி, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். கடை முழுக்க நான்தான் அலறிக்கொண்டிருந்தேன்.

என் வசனங்களுக்கு நடுவே வரும் அந்த இடைவெளிகள்தான் அண்ணனுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பவை. அவற்றில் அவர் பேசுகிறார். அவர் மகளுக்குக் கேட்கவில்லை.