அனுப்பாத குரல்

பாடியவர்கள் நாலு பேர். எங்கள் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் சூசை மாஸ்டர். மூதூரில் இருக்கும் அவருடைய மருமகள் ஜெனிற்றா. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் மனைவி சலோமி. பிறகு நான், துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவன்.

பேய், ஆவி ஒன்றையும் நான் நம்பியதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எனக்குப் பாட்டு வராது. போனில் குழு கூடும்போது சலோமியின் முகம் பார்க்கலாம் என்றுதான் சேர்ந்தேன். போனில் ஒன்றாகப் பாட ஏலாது, குரல்கள் பிந்திப் பிந்தி வரும். அதனால் மாஸ்டரின் ஓர்கனைக் காதில் கேட்டபடி ஒவ்வொருவரும் தனியாகப் பாடிப் பதிந்து அனுப்புவோம், அவர் சேர்ப்பார். என் கீழ்க்குரல் தனியே கேட்டால் எஞ்சின் இரைச்சல்தான். சேர்த்த பாட்டில் அதற்கு மேலே சலோமியின் குரல் மிதந்து வந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் விட முடியவில்லை.

"இஞ்ச எனக்கெண்டு இது ஒண்டுதானப்பா இருக்கு" என்பாள்.

கிறிஸ்மஸுக்கான நத்தார்ப் பாட்டுக்கு அன்று கடைசி நாள். சலோமியிடமிருந்து ஒன்றும் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை.

"இரவு சுவாமியாருக்கு அனுப்பவேணும். மேல்குரலை ஜெனிற்றாவுக்குக் குடுக்கிறன், குறை நினையாதையும்" என்றார் மாஸ்டர்.

வெளியே மழை. மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் பதிவை அழுத்தினேன். இரண்டாம் அடியில் எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சிழுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். மேல்குரல் வந்தது, கொஞ்சமும் பிந்தவில்லை, அறைக்குள் கடல் ஏறி என்னைத் தூக்கியதுபோல உடம்பு லேசாகிவிட்டது. பயம் வரவில்லை. பாட்டு முடியப்போகிறதே என்றுதான் இருந்தது.

அனுப்பியதும் மாஸ்டர் அழைப்பு எடுத்தார்.

"என்னப்பா, மனிசியை வீட்டுக்க ஒளிச்சு வச்சிருக்கிறீரோ?"

"நான் தனிய, மாஸ்டர்."

"அப்ப மேல்குரல் பாடினது ஆர், பூனையோ?"

சிரித்தார். அப்படியே சுவாமியாருக்கு அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்துச் சலோமி அழைப்பு எடுத்தாள். வீட்டுக்காரி போனைப் பறித்து வைத்திருந்தாளாம்.

"அண்டைக்குக் குசினியில பாத்திரம் கழுவிக்கொண்டு வாய்க்குள்ள பாடினனான். நீங்கள் பக்கத்தில நிண்டீங்கள்."

"ஓம்" என்றேன்.

அந்தப் பதிவு இப்போதும் என் போனில் இருக்கிறது. குவைத்தின் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். என் அறையில் மணிக்கூடு கிடையாது. ஆனால் அன்று ஐந்தரைக்கு நான் பாடத் தொடங்குமுன் எங்கோ ஒரு சுவர் மணிக்கூடு மெல்ல அடிக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

மூன்று.