தேங்காய்த் தொட்டியில் ஓடிய எஞ்சின்

ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் மரபுசாரா எரிசக்தி பற்றிய பாடம் நடத்துவேன். காற்றாலை, சாண எரிவாயுக் கலன், சூரிய அடுப்பு எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறிக்கச் சொல்லி, மதிப்பெண்ணும் போடுவேன். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட ஓடும்போது நான் பார்த்ததில்லை. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவரைப் போல எனக்குள் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. 1996 மே மாத விடுமுறையில் அதைத் தீர்த்துக்கொள்வது என்று கிளம்பினேன். கோயம்புத்தூரிலிருந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இரண்டு இடங்கள், இரண்டு நாட்கள். இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். கீழே உள்ள நேரமும் கட்டணமும் அன்று குறிப்பேட்டில் எழுதிவைத்தவை. கட்டணத்தை மட்டும் இன்றைய விலைவாசிக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பல்லடம் தாண்டிக் காற்றாலைகளைப் பார்க்கப் போனேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அப்போதுதான் வலுக்கத் தொடங்கியிருந்தது. சோளக்காட்டு நடுவே வெள்ளைக் கம்பங்கள் வரிசையாகச் சுழன்றன. காவலுக்கு இருந்தவரிடம், "எந்நேரமும் சுத்துமா?" என்று கேட்டேன். "காத்து சொன்னாச் சுத்துமுங்க, நாம சொன்னாச் சுத்தாதுங்க" என்றார். என் பாடத்தில் அரைப் பக்கத்துக்கு இருந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் அது பெரிய நூற்பாலைகள் போட்ட இயந்திரம். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒரு குடும்பம் தானே செய்து தானே ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், கிணத்துக்கடவு பக்கத்து விவசாயி ஒருவருக்காக ஒரு விநோத உருளை செய்துகொடுத்ததாகச் சொல்லியிருந்தார். தேங்காய்த் தொட்டியை எரித்து வரும் வாயுவில் ஆயில் எஞ்சினை ஓட்டும் ஏற்பாடாம். (கொட்டாங்குச்சி, சிரட்டை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது எங்கள் பக்கம் தொட்டி.) முகவரி வாங்கி, ஞாயிறு காலை வருகிறேன் என்று ஒரு இன்லாண்ட் லெட்டர் போட்டேன். அன்று நடந்த குழப்பத்துக்கெல்லாம் அந்தக் கடிதம்தான் காரணம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலை 8.20க்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். டிக்கெட் நான்கு ரூபாய். 9.10க்குக் கிணத்துக்கடவில் இறங்கினேன். குன்றின்மேல் முருகன் கோயில் பளிச்சென்று தெரிந்தது. நான் கடிதம் போட்டிருந்த விவசாயி நாச்சிமுத்து மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். "ஏனுங்க டீச்சர், பஸ்ல கூட்டமுங்களா?" என்று விசாரித்தவர், மூன்று கிலோமீட்டர் தோட்டத்துப் பாதையில் வேறொன்றும் பேசவில்லை. தோட்டத்துக்குப் போனதும் ஏன் என்று புரிந்தது.

புதிதாக நட்ட இருநூறு தென்னங்கன்றுகளில் பாதி, ஓலை நுனி கருகி நின்றன. லோ வோல்டேஜில் மின்மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. அதைச் சரிசெய்து மாட்டினாலும் மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வருகிறது. மனைவி சரசுவின் அண்ணன் கந்தசாமி, ஆனைமலையிலிருந்து தன் ஆயில் எஞ்சினைக் கோடைக்குக் கொடுத்திருந்தார். டீசல் வாங்கி நாள் முழுக்க ஓட்டக் கட்டுப்படியாகாததால்தான் இந்த உருளை. ஆனால் தொட்டிப் புகையில் எஞ்சின் கெட்டுப்போகும் என்று மச்சானுக்குப் பயம். அன்று எஞ்சினை எடுத்துப்போக டெம்போவோடு வருகிறாராம்.

"ஒரு லிட்டர் டீசல்ல ஒரு மணி நேரம் ஓடுமுங்க. இந்தக் காஸைச் சேத்தி அதே ஒரு லிட்டர்ல ரெண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டுனா எஞ்சின் இங்கயே இருக்கட்டும்னு சொல்லிப்போட்டாரு. இல்லாட்டி இன்னைக்கே போயிருமுங்க" என்றார் நாச்சிமுத்து. எஞ்சின் போனால் மழை வரும்வரை கன்றுகள் தாங்காது. அதை அவர் சொல்லவில்லை, நானே பார்த்துக்கொண்டேன்.

அந்த உருளை வேலை செய்யும் விதத்தை ஒரு மெழுகுவர்த்தியை வைத்துச் சொல்லிவிடலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வெள்ளைப் புகை ஒன்று எழும். அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள், தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். எரியாமல் தப்பிய எரிபொருள்தான் அந்தப் புகை. ஆளுயர இரும்பு உருளைக்குள் தொட்டிகளைப் போட்டு, போதிய காற்று விடாமல் புழுங்க வைத்தால் அதுபோல எரியக்கூடிய வாயு வரும். அதைக் குழாயில் குளிரவிட்டு, தேங்காய் நாரில் வடிகட்டி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயில் கொடுக்கிறார்கள். டீசல் முக்கால்வாசி மிச்சமாகும். மூன்று வாரமாக உருளையை மூட்டி ஓட்டுவது மயிலாத்தா. தோட்டத்தில் வேலை செய்பவர், நாற்பது வயதுக்காரர். கைச்சக்கர ஊதுகுழலைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

10.30க்கு டெம்போ வந்தது. கந்தசாமி கையில் ஸ்பேனரோடுதான் இறங்கினார்.

"என்ன மாப்ள, பொகை போடறதப் பாக்கறதுக்கு டவுன்லருந்து டீச்சரையே கூட்டியாந்துட்டியா?"

"வாங்க மச்சான். மொதல்ல மோர் குடிங்க."

"மோர் கெடக்குது. எஞ்சின் ஓடுதான்னு காட்டு."

வாயு தயாரா என்று பார்க்க ஒரு சோதனைக் குழாய் உண்டு. அதன் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாகப் பற்றி எரிய வேண்டும். 10.50க்கு நாச்சிமுத்து தீக்குச்சியைக் காட்டினார். அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. குழாயிலிருந்து இட்லிப் பானையைத் திறந்தது போல வெள்ளை ஆவிதான் வந்தது. அரை மணி நேரம் ஊதியும் அதே கதை.

"நேத்துக்கூட நல்லா எரிஞ்சுதுங்க மச்சான்."

"நேத்து எரிஞ்சதுல இன்னைக்குத் தண்ணி பாயுமா மாப்ள?" என்ற கந்தசாமி, குனிந்து எஞ்சினின் அடிப் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு கழன்றுவிட்டன. நாச்சிமுத்து கன்றுகளின் பக்கமே திரும்பவில்லை.

எனக்கு என் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. ஒரு சோதனை நேற்று சரியாக வந்து இன்று வரவில்லையென்றால் மாணவிகளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: இன்றைக்கு எதை மாற்றினீர்கள்? அதையே கேட்டேன்.

"ஒண்ணையும் மாத்தலீங்க டீச்சர்" என்றார் நாச்சிமுத்து.

சரசு முந்தானையில் கை துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தார். "நீங்க வர்றீங்கன்னு லெட்டர் வந்துச்சுங்களா, தொட்டியெல்லாம் ஒரே கரியும் மண்ணுமா இருந்துச்சுங்க. தொட்டுப் பாத்தீங்கன்னா கை அழுக்காயிருமேன்னு, நேத்துப் பொழுது சாய எல்லாத்தையும் தேச்சுக் கழுவி வெச்சேனுங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

நான் குவியலில் கையை விட்டேன். மேலே காய்ந்திருந்தது. அடியில் எல்லாம் சில்லென்று ஈரம். ஈர விறகை அடுப்பில் வைத்தால் சூடெல்லாம் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும். உருளைக்குள் நடந்ததும் அதுதான். நான் கடிதம் போட்டதால் வந்த ஈரம்!

"உனக்குத் தெரியுமா மயிலாத்தா?" என்றார் நாச்சிமுத்து.

"அம்மணி கழுவுறப்பவே நெனச்சேனுங்க. விருந்தாளிக்குன்னு இத்தன ஆசையாச் செய்யறாங்க, குறுக்க என்னத்தச் சொல்றதுன்னு உட்டுட்டேனுங்க."

"அடிப்பாவி! மூணு நா காய வெக்கோணுமே இது!" என்றார் சரசு, தலையில் கை வைத்து.

"எதுக்குங்க மூணு நாளு? எங்க ஊட்ல அடுப்பெரிக்க ஒரு மூட்டை காஞ்ச தொட்டி வெச்சிருக்கேனுங்க. சித்த இருங்க, எடுத்துட்டு வாரேன்." மயிலாத்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நானும் நாச்சிமுத்துவும் உருளையிலிருந்து ஈரத் தொட்டிகளை வாரி வெளியே போட்டு முடிப்பதற்குள், கால் மணி நேரத்தில் தலையில் மூட்டையோடு வந்துவிட்டார்.

11.55க்கு மறுபடி மூட்டினார். இந்த முறை புகை மெலிந்து, மஞ்சளாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது. 12.20க்குத் தீக்குச்சியைக் காட்டியதும் குழாய் வாயில் நீலத் தீ ஒரு முழ நீளத்துக்குப் 'புஸ்'ஸென்று நின்றது. நான் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கை தட்டிவிட்டேன்.

கந்தசாமி கழற்றிய இரண்டு போல்ட்டுகளையும் தானே மாட்டினார். ஒரு லிட்டர் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் தன் கையாலேயே அளந்து ஊற்றி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போலத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். 12.35க்கு எஞ்சின் டீசலில் கிளம்பியது. மயிலாத்தா வாயு வால்வை மெல்லத் திருப்பினார். சத்தம் ஒரு நொடி தடுமாறி, பிறகு அடிக்குரலில் சீராகப் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுந்தது.

நாங்கள் முறைவைத்துச் சாப்பிட்டோம். பாட்டிலைப் பார்க்க ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்றார் கந்தசாமி. அவர் பந்திக்கே வரவில்லை, தட்டைக் கையில் ஏந்தி எஞ்சின் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார். 1.35க்கு ஒரு மணி நேரம் முடிந்தது. பாட்டிலில் முக்கால் பங்குக்குமேல் மிச்சம். 2.35க்கும் பாதிக்குமேல் இருந்தது. அதற்குள் தண்ணீர் கடைசி வரிசைக் கன்று வரை போய்ச் சேர்ந்திருந்தது.

"மாப்ள, பாட்டல்ல தண்ணி ஏதாச்சும் கலந்துபோட்டியா?"

"ஊத்துனதே நீங்கதான மச்சான்!"

முதல் ஆளாகச் சரசு சிரித்தார். கந்தசாமி ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, "செரி, எஞ்சின் மழ பேயற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். எனக்கு அந்த வெல்டர் ஊடு எங்கன்னு மட்டும் சொல்லு" என்றார்.

மயிலாத்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "இனித் தொட்டிக் குமியல்ல என்னக் கேக்காம ஆரும் கை வெக்கப்படாதுங்க. அம்மணியும்தான்." சரசு அங்கேயே ஒப்புக்கொண்டார்.

எஞ்சினை ஏற்ற வந்த டெம்போ காலியாகத்தான் திரும்பியது. 3.30க்கு அதன் முன்சீட்டில் உட்கார்ந்து நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். ஐந்து மணிக்கு முன் உக்கடம். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்தை நடத்தினேன். கரும்பலகையில் படம் வரைந்து முடித்து, முதல்முறையாகப் பாகங்களின் பட்டியலில் ஓர் ஆளையும் சேர்த்தேன்: "இயக்குபவர்: மயிலாத்தா." ஒரு மாணவி அதைத் தேர்வுத்தாளிலும் எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன்.

இதுபோன்ற இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காற்றாலைக்கு மே இறுதி முதல் செப்டம்பர் வரை போங்கள், மற்ற மாதங்களில் நிற்கும் இறக்கைகளைத்தான் பார்ப்பீர்கள். தொட்டி வாயு இருக்கும் இடத்தில் உருளைக்குமேல் குனியாதீர்கள், மூடிய கொட்டகைக்குள் நிற்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, ஆளைக் கொல்லும். கேள்விகளை உரிமையாளரிடம் பாதி கேளுங்கள், தினமும் மூட்டுகிறவரிடம் மீதியைக் கேளுங்கள். சாப்பிடாமல் கிளம்ப விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்கு வேறு திட்டம் வேண்டாம். போவதற்கு முன் கட்டாயம் தகவல் சொல்லுங்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "எனக்காக எதையும் கழுவி வைக்க வேண்டாம்."