அண்ணனைவிட மூத்த தம்பி

வயசானவங்களுக்குத் திட்டம் போட்ட எவனும் ஒரு லோடுமேனைக்கூட நேர்ல பார்த்ததில்லை.

ஆமா, கோவமாத்தான் எழுதுறேன். தொண்ணூறுகள்ல நடந்தது, இன்னும் ஆறல!

கள்ளிக்குப்பத்துல எங்க பக்கத்து வீடு பெரியப்பாவோடது. அப்பாவோட அண்ணன். பெரியம்மா செத்துட்டாங்க, பிள்ளை இல்லை.

வயல் கூலிக்குப் போயிட்டிருந்த மனுஷன். வயலெல்லாம் கம்பெனியானதும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லோடு ஏத்தப் போனாரு.

கேட்ல மேஸ்திரி, "முப்பதுக்கு மேல ஆள் வேணாம்"னு சொல்லியிருக்காரு. நாப்பத்தி நாலு வயசுப் பெரியப்பா கொஞ்சமும் யோசிக்காம "இருபத்தெட்டு"ன்னாராம்.

(அன்னிக்கு வரிசையில நின்ன மொத்தப் பேருக்கும் இருபத்தெட்டுதான்!)

அந்த வயசு கம்பெனி கார்டுல ஏறுச்சு. அதைப் பார்த்து ரேஷன் கார்டு. அதைப் பார்த்து ஓட்டர் லிஸ்ட்.

நிஜ வயசு அறுபத்தேழுல முதுகு போச்சு. "கெயவனுக்கு இங்க இன்னா வேலை?"ன்னு புது மேஸ்திரி துரத்திட்டாரு.

அடுப்பு எரியணுமே! முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட தாலுகா ஆபீஸ் போனோம். பெரியப்பா, அப்பா, நான்.

கிளார்க் ரேஷன் கார்டைப் பார்த்தாரு. "ஐம்பத்தொண்ணுதான் ஆகுது. அறுபத்தஞ்சு ஆகணுமே பெரியவரே."

(பெரியவரேன்னு வாயால சொல்லிட்டே!)

அப்பா பாய்ஞ்சாரு. "சார், நான் இவருகூடப் பொறந்த தம்பி. எனக்கே அறுபத்தொண்ணு. இந்தா ஸ்கூல் சர்டிபிகேட்டு!"

கிளார்க் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. "அப்போ நீங்கதான் அண்ணன்."

"இன்னா சார் இது? என்னைத் தூக்கி வளர்த்தவரு சார்!"

"பேப்பர்ல நீங்க பொறந்து பத்து வருஷம் கழிச்சுதான் அவர் பொறக்குறாரு."

பெரியப்பா சிரிச்சுட்டாரு. "டேய், இனிமே நான்தான் உன்னை அண்ணாத்தேன்னு கூப்பிடணும் போலக்கீதே!"

எனக்கு அப்போ இருபத்திரண்டு, வாய் ஜாஸ்தி. "அவர் மூஞ்சியைப் பாருங்க சார், ஐம்பத்தொண்ணு மாதிரியா இருக்கு?"

"எனக்கும் தெரியுதுப்பா. மூஞ்சியை ஃபைல்ல வைக்க முடியாதே! கவர்மென்ட் டாக்டர்கிட்ட வயசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

போனோம். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னாரு. ஆயுசு பூரா வேப்பங்குச்சியில விளக்கின வாய். ஒரு பல்லுகூட விழல!

"சுமார் ஐம்பத்தஞ்சு"ன்னு எழுதிட்டாரு.

(நாலு பல்லை உடைச்சுட்டுப் போயிருக்கணும்.)

மறுநாள் அதே கவுன்ட்டர். கிளார்க் முகமும் வாடித்தான் போச்சு. "இன்னும் பத்து வருஷம் கழிச்சு வாங்க பெரியவரே. ரூல் அப்படி, நான் என்ன செய்ய?"

அந்த ரூல்ல வயசு இருக்கு, வருமானம் இருக்கு, பிள்ளை இருக்கானா இல்லையான்னு இருக்கு. பொறந்த தேதியை யாருமே எழுதி வைக்காத ஜனங்களை என்ன பண்றதுன்னு ஒரு வரி கிடையாது.

அப்பா போலாம்னு கையைப் பிடிச்சு இழுத்தாரு. பெரியப்பா நகரல. டாக்டர் குடுத்த பேப்பரைக் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில திருப்பித் தள்ளினாரு.

"சரி சார், நான் வயசுப் பையன்தான். நீயே எஸ்டேட் கேட்டாண்ட வா. மேஸ்திரிகிட்ட இந்தப் பேப்பரைக் காட்டி, எனக்கு வேலை வாங்கிக் குடு."

கிளார்க் அடுத்த ஆளோட கார்டை வாங்கிட்டாரு.