படகுக்கு நான்கு வாசல்

சட்டி மூடிக்கு யாரும் நல்ல நேரம் பார்ப்பதில்லை. அத்தான் ஆசாரியிடம் ‘மூடி’ என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் ‘கதவு’ என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு எங்கள் ஊரான கோவில்பத்துக்குத் திரும்பியவர். 1980களின் தொடக்கத்தில், பிரான்சில் இருந்த அவர்கள் பிள்ளைகள் அத்தானையும் அக்காவையும் ஒரேயடியாக அங்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டார்கள். போவதற்குள் அத்தானுக்கு ஒரே ஆசை. சொந்தமாகக் கட்டிய கயாக்கில் அரசலாற்றில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போய், முகத்துவாரத்து மணல்திட்டில் ஒரு பகல் இருந்துவிட்டு வர வேண்டும். கயாக் என்றால் ஓர் ஆள் உட்காரும் ஒல்லிப் படகு; மேல்பக்கமும் பலகையால் மூடியிருக்கும். நடுவில் ஆள் இறங்கி உட்கார ஒரு துளை. முன்னும் பின்னும் சாமான் வைக்க இரண்டு அறை, அவற்றுக்கு இரண்டு மூடி. தண்ணீர் கேன், ஸ்டவ், ரொட்டி, போர்வை. அவ்வளவுதான் சாமான்.

நான் அப்போது அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதற்கும் முறை என்று ஒன்று உண்டு என்று நம்பிச் சம்பளம் வாங்கியவன். கயாக் கட்டுவது பற்றி அத்தான் வைத்திருந்த பிரெஞ்சுப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னேன். துளை சிறிதாக இருக்க வேண்டும், மூலைகள் வளைய வேண்டும், மூடி ரப்பர் மேல் அழுந்தி உட்கார வேண்டும். ரப்பருக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும் என்பது வரை முடிவாகிவிட்டது.

ஆசாரி வீடு கட்டுகிறவர். கதவு என்று கேட்டதால் நிலையோடு வந்தார். நான்கு மூலையும் கச்சிதமான செங்கோணம். பித்தளைக் கீல், தாழ்ப்பாள். அக்கா நிலைகளுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். பிறகு எண்ணிப் பார்த்தாள்.

“மூணு வாசலா வருது?”

“நடுவுல இருக்கிறது வாசல் இல்லடி. நான் உக்கார்ற எடம்,” என்றார் அத்தான்.

“அது வழியாத்தானே உள்ள போறீங்க? அப்ப அதுவும் வாசல்தான்.” ஆசாரியிடம் திரும்பினாள். “ஒத்தப்படையில வெப்பாங்களாண்ணே?”

“வெக்க மாட்டாங்கம்மா. இன்னொண்ணு போட்டுரலாம். மரம் கெடக்கு.”

“அக்கா, துளை கூடினா பலகை தாங்காது. புத்தகத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“புத்தகம் எழுதுன வெள்ளக்காரனா தண்ணியில எறங்கப் போறான்? எறங்கறது என் புருஷன். நீ சும்மா இருடா.”

போர்முனையெல்லாம் பார்த்து வந்த அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “போடட்டும் மாப்ளே. இல்லேன்னா எறங்கவே விடமாட்டா.”

நான்காவது வாசல் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தது. அந்த இடத்தில் கைவைக்கவே கூடாது என்று புத்தகம் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

ஆற்றில் இறக்கிய காலை, அத்தான் உட்கார்ந்து இரண்டு முறைதான் துடுப்பை இழுத்தார். முதுகுக்குப் பின்னால் பலகை சடசடவென்று பிளந்தது. நிலைகள் கோணிக்கொண்டதும் எல்லாக் கதவு வழியாகவும் தண்ணீர் உள்ளே போயிற்று. நல்லவேளை, இடுப்பளவு ஆழம். அக்கா கரையிலிருந்து கத்தினாள்: “தாப்பா போட்டீங்களா?” அவர் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார். எனக்கு வேட்டியை மடித்துக் கட்டத்தான் முடிந்தது.

மேல்பலகை முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். பசை இறுக வேண்டும், பெயிண்ட் காய வேண்டும். எந்த வேலைக்கும் அவசரம் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். புறப்படும் தேதிக்குள் முடியாது; டிக்கெட்டைத் தள்ளிப்போட வழி இருக்கிறது என்றேன். தங்களை வரவேற்கப் பிள்ளைகள் அங்கே லீவு சொல்லிவிட்டார்கள் என்றார் அத்தான்.

புறப்படும் நாளில் கொல்லையில் படகுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“பலகைய மாத்தி வெக்கறேன் அத்தான். அடுத்த லீவுக்கு வந்து ஓட்டுங்க.”

“எனக்கு ஏது மாப்ளே லீவு? வேலையில இருக்கிறவனுக்குத்தானே லீவு. இனிமே என்னை யாராச்சும் கூட்டிட்டு வந்தாத்தான் உண்டு.”

வாசலில் நின்ற காரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். “வரேன்,” என்றார். என்னிடம் சொன்னாரா, அவளுக்குச் சொன்னாரா, தெரியவில்லை.