தங்கா பத்துவில் உப்பெடுக்கும் கல்

தொண்ணூற்றெட்டு தீபாவளி லீவில் நான் மலாக்கா கடலோரத்துத் தங்கா பத்துவுக்குப் போனது கடல் பார்க்க அல்ல. அத்தை போனில், "உப்பெடுக்குற கல்லு வாங்கிட்டேன், மாமாவுக்கு இனிமே கவலையில்ல" என்றார். மாமாவுக்கு ரத்த அழுத்தம், கால் வீக்கம். டாக்டர் உப்பே கூடாது என்றிருந்தார். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு அந்தக் கல் உறுத்தியது. எவனோ ஏமாற்றிவிட்டான் என்றே பஸ் ஏறினேன்.

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு இரண்டு மணி நேரம், டிக்கெட் ஆறு வெள்ளி எண்பது காசு. அங்கிருந்து உள்ளூர் பஸ். அது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது.

வீட்டுக்குப் பின்னால், போர்வெல் குழாயில் ஓர் உருளை, அதற்குள் அந்தக் கல். தண்ணீரைப் பிடித்து சோப்பு போட்டேன். கிணற்றுத் தண்ணீரில் நுரைக்காத சோப்பு இதில் பொங்கி நுரைத்தது. ஏமாற்று இல்லை. பக்கத்தில் கல்லுப்பு மூட்டை ஒன்று இருந்தது.

"இது எதுக்கு அத்தை?"

"கல்லுக்குத்தான். வாரா வாரம் உப்புத்தண்ணி ஊத்திக் கழுவணும்னு கடைக்காரன் சொன்னான்."

"உப்பெடுக்குற கல்லுக்கு உப்பா?"

"நீதானே படிச்சவன், நீயே சொல்லு லா!"

அது ஜியோலைட், ஒரு சிலிகேட் கல். உள்ளே நுண்ணிய அறைகள். பஸ் மாதிரி: சோப்பை நுரைக்கவிடாத கால்சியம் ஒன்று ஏறினால் இரண்டு சோடியம் இறங்கும். இறங்கிய சோடியம், டாக்டர் கூடாது என்றது அதைத்தான், தண்ணீரோடு போகும். கல்லுப்புக் கரைசல் ஊற்றினால் பஸ்ஸில் மறுபடி சோடியம் நிரம்பும். சோப்பு நுரைக்காத தண்ணீரெல்லாம் நம்மவர்களுக்கு உப்புத் தண்ணீர். கடைக்காரன் அந்த உப்பைச் சொன்னான், அத்தை டாக்டர் சொன்ன உப்பைக் கேட்டார். அளவு கொஞ்சம்தான். ஆனால் மாமா, நல்ல தண்ணி என்று ஜாடி ஜாடியாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தன நாளா உப்பில்லாத சாம்பாரை என்னாத்துக்கு சாப்பிட்டேன்?" மாமா கத்தினார்.

தண்ணீர் கல்லுக்குள் போகும் முன்பே குழாயை அறுத்து, குடிக்கத் தனிப் பைப் போட்டேன். அரை நாள் வேலை.

போகிறவர்களுக்கு: பஸ்ஸை நம்பாதீர்கள், டாக்சி பேசிக்கொள்ளுங்கள். வடிகட்டி விற்பவன் பொய் சொல்கிறானா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த உப்பு என்றும் கேளுங்கள்.

புதுப் பைப்பில் முதல் டம்ளரைக் குடித்த மாமா முகத்தைச் சுளித்தார். "ஒரே உப்பு லா!"

"பேசாம குடிங்க," என்றார் அத்தை. "இதுலதான் உப்பு கம்மி."